இல்லாத குவியலை அளந்தவள்

தெருவில் அவளை அளவுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றுப் பராமரிப்பு அலுவலகத்தில் மட்டம் பார்க்கிற வேலை. முக்காலியில் கருவியை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் ஒருவர் நட்டுப் பிடித்திருக்கும் கோலில் என்ன எண் தெரிகிறது என்று படிக்க வேண்டும். நிலம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பது அதிலிருந்து தெரியும். கேட்பதற்குச் சுலபமான வேலை. முழங்கால் சேற்றில் நின்று செய்து பார்த்தால் தெரியும் சங்கதி. ஒரு தடவை கல்யாணம் செய்துகொண்டாள், ஒத்துவரவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம் "மட்டம் சரியில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள்.

திரும்பி வந்தது அக்காவிடம். அக்கா தையல்காரி. துணிக்கடையில் மேல்தட்டிலிருந்து சுருள் எடுக்க ஏணியில் ஏறியவள் முதுகு அடிபட விழுந்தாள். அதன்பிறகு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கை இரண்டும் நன்றாக இருக்கின்றன, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது. கீழ்த்தளத்து முன்னறையில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் கட்டில். ஜன்னல் சட்டம் நிற்கிறவர்களின் இடுப்பு உயரத்துக்கு வரும். பட்டன் அறுந்த சட்டை, ஓரம் பிரிந்த பாவாடை எல்லாம் அந்த வழியாக உள்ளே வரும், தைத்து வெளியே போகும். கூடவே தெருவின் சேதிகளும். யார் யாரோடு பேசுவதில்லை, எந்த வீட்டில் மாடி எடுக்கிறார்கள், யார் பையன் பரீட்சையில் கோட்டை விட்டான் என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரிந்த பிறகுதான் சம்பந்தப்பட்ட வீட்டுக்கே தெரியும்.

படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். மருந்து ஒரு பக்கம், ஆள் முகம் ஒரு பக்கம். நாளெல்லாம் சுவரைப் பார்த்துக் கிடப்பவர்கள் சாப்பிட மாட்டார்கள். சாப்பிடாதவர்களுக்குத் தோல் கெடும், தோல் கெட்டால் புண் வரும், அதிலிருந்துதான் மற்ற எல்லாமே வரும். இத்தனை வருஷமாக அக்காவின் முதுகில் ஒரு புண் இல்லை என்றால், தங்கை வேளாவேளைக்குத் திருப்பிப் போட்டது பாதிக் காரணம். மீதிக் காரணம் அந்த ஜன்னல்.

அந்த முன்னறை ஒரு காலத்தில் ஆள் படுக்கிற அறையே இல்லை. மழைக்காலம் வந்தால் ஆறு பெருகித் தெருவுக்குள் வரும். எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடி ஏறுவார்கள், கீழே பானையும் செருப்பும் மிதக்கும். பிறகு சரளைக் கம்பெனி வந்தது. தெருவுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு பெரிய தாழ்நிலம். ஆறு பெருகினால் தண்ணீர் முதலில் பரவி நிற்கிற இடம் அது. அதைக் குத்தகைக்கு எடுத்து, ஆற்றில் தோண்டிய சரளையை வரிசை வரிசையாகக் குவித்தார்கள். அந்த வருஷத்திலிருந்து தெருவில் தண்ணீர் ஏறவில்லை. குவியல்கள் மலை மாதிரி நடுவில் நின்றுகொண்டன. தெருக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா? தரைக்கு ஓடு பதித்தார்கள். உயரத்தில் இருந்த மின்பெட்டியைக் கைக்கு எட்டுகிற மாதிரி கீழே இறக்கினார்கள். வாசலில் மறித்து வைக்கிற பலகைகளைப் பிளந்து அடுப்பில் வைத்தார்கள். அக்கா விழுந்தது அதற்குப் பிறகுதான். கீழே கட்டில் போட யாரும் தயங்கவில்லை.

எதிர்க்கரையிலிருந்து புகார் வந்தது போன மழைக்குப் பிறகு. அங்கே ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற ஒரு லாண்டரியும், அதில் வேலை செய்கிறவர்களின் வீட்டு வரிசையும் இருக்கின்றன. தங்கள் பக்கம் முன்பு வாசலோடு நின்றுவிடுகிற தண்ணீர் இப்போது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது, காரணம் அக்கரைக் குவியல்தான் என்று எழுதியிருந்தார்கள். குவியலால் வெள்ளம் எவ்வளவு மாறுகிறது என்று மதிப்பிட்டுச் சொல்லும் வேலை அளவுக்காரியிடம் வந்தது.

தன் வீடு அந்தத் தெருவில்தான் இருக்கிறது என்று அவள் இன்ஜினியரிடம் முதலிலேயே சொன்னாள். வேறு ஆள் இல்லையே என்றார் அவர். இருந்த இருவரில் ஒருவர் மாற்றலாகிப் போய்விட்டார், இன்னொருவருக்குக் கண்புரை. கண்ணால் பார்த்ததை எழுது, மழைக்கு முன்னால் எழுது, போதும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. மேஜையில் கோப்பு தங்குவது பிடிக்காது, அவ்வளவுதான்.

அளக்கப் போன நாளில் சரளைக் கம்பெனியின் யார்டு மேனேஜர் வாசலுக்கே வந்து வரவேற்றார். நிழலில் நாற்காலி, கண்ணாடி டம்ளரில் டீ. கோல் பிடிக்கிற பெரியவரை எல்லோரும் கோல்காரர் என்பார்கள். அவருக்கும் ஒரு நாற்காலி வந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் தன்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை, எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார் அவர், டீயைக் குடித்துக்கொண்டே.

மேனேஜர் கைகாட்டினார். "நல்ல சமயத்துல வந்தீங்கம்மா. இடமெல்லாம் காலியாக் கெடக்குது. அளக்க சவுகரியமா இருக்கும்."

காலியாகத்தான் இருந்தது. மலை மாதிரி நின்றவை இப்போது ஆங்காங்கே ஆள் உயரத் திட்டுகள். அவள் நாள் முழுக்க ஒவ்வொன்றையும் அளந்தாள். கோல்காரர் ஏறி நின்று கோலை நட்டார், சரிந்தார், திட்டினார், மறுபடி ஏறினார். அலுவலகத்துக்குத் திரும்பிக் கணக்குப் போட்டால், இந்தத் திட்டுகளால் எதிர்க்கரையில் வெள்ளம் ஏறுவது விரலகலம் கூட இல்லை. அவளுக்கு மனசு லேசாகிவிட்டது என்பதை மறைப்பானேன். அன்று மாலை அக்காவுக்குப் பிடித்த பழம் வாங்கிக்கொண்டு போனாள்.

இருந்தாலும் எதிர்க்கரையைப் பார்க்காமல் எழுத முடியாது. மறுநாள் பாலம் கடந்து போனாள். லாண்டரியை நடத்துகிற அம்மாள் கையெல்லாம் சோப்புக் காரத்தில் வெளுத்துப்போனவள். உட்காரச் சொல்லவில்லை, நேராக வெளிச்சுவருக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுவரில் இரண்டு சேற்றுக் கறை. கீழே ஒரு கோடு, அதற்கு மேலே முழம் தள்ளி இன்னொன்று. கீழே இருப்பது பழையது, குவியல்கள் வருவதற்கு முன்னால் வந்த பெருவெள்ளம். மேலே இருப்பது போன மழை.

அளவுக்காரி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாலத்துத் தூணில் ஆற்றின் உயரம் குறிக்கிற அளவுப் பலகை இருக்கிறது. பழைய வெள்ளத்தில் ஆறு அங்கே எவ்வளவு ஏறியது என்பது அவளுக்கு மனப்பாடம். போன மழையில் அதைவிடக் குறைவாகத்தான் ஏறியது. ஆறு குறைவாக வந்திருக்கிறது, சுவரில் தண்ணீர் அதிகமாக நின்றிருக்கிறது.

லாண்டரியம்மா தன் போக்கில் பேசிக்கொண்டே போனாள். துவைத்து மடித்த விரிப்புகள் எல்லாம் சேறானது, ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மிரட்டியது, வீட்டு வரிசையில் பிரசவமான பெண்ணைக் கட்டிலோடு தூக்கிப் போனது. "எங்க மாமியாரை இஸ்திரி மேஜை மேல உட்கார வெச்சேன். தண்ணி வடியிற வரைக்கும் அங்கேயே. கீழ இறங்கினதும் வாயத் தொறந்து என்ன கேட்டாங்க தெரியுமா? மேஜைய ஏன் தொடைக்காம வெச்சேன்னு." சிரிக்காமல்தான் சொன்னாள்.

திரும்பும்போது பாலத்துத் தூணின் அளவுப் பலகையை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள்.  அளந்த எண்கள் எதுவும் பொய் இல்லை. சுவரும் பொய் சொல்லவில்லை.

சரளை வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை அவள் சாயங்காலம் பூராவும் யோசித்தாள். மழைக்காலத்தில் ஆற்றில் தோண்டத் தடை. அதனால் வெயில் காலம் முழுக்கத் தோண்டித் தோண்டிக் குவிப்பார்கள். முதல் மழை விழும்போது குவியல் உச்சத்தில் இருக்கும். பிறகு தோண்ட முடியாத மாதங்களில் அதிலிருந்து விற்று விற்று, மழை ஓய்ந்தபின் தரை தட்டிவிடும். ஆறு பெருகி வருகிற நேரமும் குவியல் பெருத்து நிற்கிற நேரமும் ஒன்றுதான். அவள் போனது குவியல் இளைத்துப் போயிருக்கிற நேரம். நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்று மேனேஜர் சொன்னது சும்மா இல்லை. உச்சத்தில் அளக்கலாம் என்று காத்திருந்தால் மழை வந்துவிடும். அதற்குப் பிறகு எழுதி யாருக்கு என்ன பயன்?

வேளை வந்தது, அக்காவைத் திருப்பிப் போட எழுந்தாள். விரிப்பைச் சுருட்டி உடம்புக்கு அடியில் கொடுத்து, தோளையும் இடுப்பையும் ஒரே இழுப்பில் தன் பக்கம் சாய்த்தாள். முதுகைத் துடைத்தாள். வால் எலும்பு, குதிகால் எல்லாம் சிவந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். மெத்தை மாற்ற வேண்டியிருந்ததால் அக்காவைச் சக்கர நாற்காலிக்கு ஏற்றி உட்கார வைத்துவிட்டு, பழைய நுரை மெத்தையைப் பிடித்துத் தூக்கப் போனவள் அப்படியே நின்றாள். அக்கா நாற்காலிக்குப் போய்விட்டாள், ஆனால் அக்கா கிடந்த குழி அப்படியே இருந்தது. தோள் இங்கே, இடுப்பு இங்கே, குதிகால் இரண்டும் அங்கே. வருஷக்கணக்கான பாரம் பதிந்த இடம்.

"என்னடி, மெத்தையில என்னைத் தேடுறியா? நான் இங்க இருக்கேன்" என்றாள் அக்கா.

அளவுக்காரி புது மெத்தையை விரித்தாள். மறுநாள் விடிந்ததும் யார்டுக்குப் போய்விட்டாள். இந்தத் தடவை திட்டுகளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். குவியல் நின்ற இடமெல்லாம் மண் அமுங்கி, வெளிறி, ஒரு புல் முளைக்காமல் கிடந்தது. நிற்காத இடத்தில் களை முழங்கால் உயரம். இரண்டுக்கும் நடுவில் கத்தரித்த மாதிரி கோடு. சரளையைக் கொட்டினால் இஷ்டத்துக்குச் செங்குத்தாக நிற்காது. சரிந்து சரிந்து தனக்கென்று உள்ள ஒரு சாய்வுக்கு வந்துதான் அடங்கும். அந்தச் சாய்வை மிச்சமிருந்த திட்டுகளில் ஏற்கெனவே அளந்தாகிவிட்டது. அடி எவ்வளவு அகலம் என்று தெரிந்தால், மேலே எவ்வளவு உயரம் நின்றிருக்கும் என்று போட்டுவிடலாம்.

அவள் டேப்பை இழுக்க, கோல்காரர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மேனேஜர் ஓடிவந்தார். இந்தத் தடவை டீ வரவில்லை.

"இருக்கிறத அளங்கம்மா. இல்லாததை எல்லாம் அளந்தா எப்படி?"

"வெள்ளம் வரும்போது இருக்கும்ல?" என்றாள்.

 மேனேஜர் குரலைத் தாழ்த்தி, அவள் எந்தத் தெரு என்பது தனக்குத் தெரியும் என்றார். மிரட்டவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார், தன் வீட்டுக்குள் தானே தண்ணீர் விட்டுக்கொள்கிற ஆளும் உண்டா என்று.

புதுக் கணக்கில் குவியல்கள் மலையாக எழுந்து நின்றன. நோயாளியைப் படுக்கையில் வைத்துக் குளிப்பாட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, ஒரு பக்கம் துண்டைச் சுருட்டி அணை கொடுத்தால், அந்தப் பக்கம் தரை நனையாது. ஊற்றிய தண்ணீர் அத்தனையும் மறுபக்கம் வழியும். தெருப்பக்கம் பரவி நிற்க வேண்டிய தண்ணீரைக் குவியல் வரிசை அணைபோட்டு லாண்டரிப் பக்கம் தள்ளுகிறது. கணக்கில் வந்த உயரமும் சுவரில் இருந்த மேல் கறையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. குவியல்களை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தாள். எதிர்க்கரையில் தண்ணீர் வாசலோடு நிற்கும். தெருவில் முன்னறைக்குள் வரும். பெரிய வருஷமென்றால் கட்டிலைத் தாண்டும்.

அதை எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சொன்னாள். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடிக்கும் வரை தலை நிமிரவில்லை.

"முதல்ல அளந்தியே, அதை எழுதினா என்ன? அது பொய்யா?"

"பொய் இல்ல."

"அப்புறம்?"

"நிஜமும் இல்லக்கா."

நம் தெருவுக்கு ஒரு சுவர் கட்டச் சொல்லி எழுதேன் என்றாள் அக்கா. சுவர் கட்டினால் அதுவும் ஒரு குவியல்தான், தண்ணீர் மறுபடியும் அவர்கள் வீட்டுக்குத்தான் போகும் என்றாள் தங்கை. அப்படியானால் தன்னை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டாள் அக்கா. மாடியறைக்கு மாற்ற வேண்டும். மழைக்கு மட்டும் ஏற்றி இறக்கலாம் என்றால் மாடிப்படி குறுகல், ஒவ்வொரு தடவையும் நான்கு பேர் வேண்டும், கை தவறினால் மிச்சமிருக்கிற முதுகும் போய்விடும். ஏறினால் ஏறினதுதான். மாடியறை ஜன்னல் பின்பக்கத்து ஓட்டுக் கூரைகளைப் பார்த்தது. அங்கே சட்டை நீட்டப் போவது யார்?

அக்கா தையலைக் கீழே வைத்தாள். "அந்த லாண்டரிக்காரியோட மாமியாரை நான் பார்த்தது கூட இல்லடி. அவ நனையாம இருக்கணும்னு நான் மேல போய்ச் செவுத்தப் பார்த்துக் கெடக்கணுமா?"

 தங்கை ஏதாவது சொல்லியிருக்கலாம். நீ அப்படிப்பட்டவள் இல்லை என்றோ, உனக்கும் மனசு கேட்காது என்றோ. அக்காவைத் தெரிந்தவர்கள் அந்த மாதிரிப் பேச்சை அவளிடம் எடுக்க மாட்டார்கள். அவள் அப்படிப்பட்டவள்தான், மனசும் கேட்டிருக்கும். தங்கை எழுந்து, திருப்பிப் போடும் நேரமாகிவிட்டதால் திருப்பிப் போட்டாள். அக்கா சுவர்ப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தாள்.

மறுநாள் அளவுக்காரி இரண்டு கணக்குகளையும் சேர்த்தே கொடுத்தாள். இப்போது இருப்பது இது, மழைக்கு முன் நிற்பது இது, எது எப்படி அளந்தது என்று. இன்ஜினியர் இரண்டையும் படித்துவிட்டு, ஒன்று மட்டும் இருந்தால் கோப்பை இன்றைக்கே மூடியிருக்கலாம் என்று பெருமூச்சு விட்டார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, வீட்டில் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றாள். கையெழுத்துப் போட்டார்.

உத்தரவு வரக் கொஞ்ச காலம் பிடித்தது. தாழ்நிலத்தில் இனி குவிக்கக் கூடாது, தோண்டுகிற சரளையை மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று வந்தது. கம்பெனிக்கு அது பெரிய அடியும் இல்லை, லாரிகள் கூடுதலாக ஒரு மேடு ஏறின. தெருவுக்குத்தான் அடி. சேதி வந்த அன்றைக்கே ஜன்னலுக்கு நாலைந்து பேர் வந்து, தங்கை காதில் விழட்டும் என்றே அக்காவிடம் துக்கம் விசாரித்தார்கள். தெருவில் இருந்த மின்சாதனக் கடைக்காரர் மட்டும் நேராகவே கேட்டார், ஊரான் வீட்டு வாசலை அளக்கிறவள் தன் வீட்டு வாசலை அளந்து பார்த்தாளா என்று. அளந்தேன் என்றாள். அவர் அதற்குப் பிறகு அவளோடு பேச்சை விட்டுவிட்டார். தன் கடை மின்பெட்டியை மறுபடி மேலே ஏற்ற மட்டும், எவ்வளவு உயரத்துக்கு என்று கோல்காரர் மூலமாகக் கேட்டனுப்பினார். சொல்லியனுப்பினாள்.

அக்காவை மாடிக்கு ஏற்றிய அன்று ஆள் கிடைக்குமோ என்று பயந்தாள். கோல்காரர் வந்தார், அவர் மகன் வந்தான். மூன்றாவது ஆளாகக் கடைக்காரரும் வாய் திறக்காமல் வந்து விரிப்பின் ஒரு மூலையைப் பிடித்தார். நான்காவது மூலை அவள். கெட்டித் துணியில் அக்காவைக் கிடத்தி, தலை மேலாகவும் கால் கீழாகவும் படி படியாக ஏற்றினார்கள். திருப்பத்தில் எல்லோரும் மூச்சுப் பிடித்து நின்றபோது அக்கா துணிக்குள்ளிருந்து சொன்னாள்: "கீழ போட்டுடுங்க, பரவாயில்ல. ஏற்கெனவே விழுந்து பழக்கம்தான்." கடைக்காரருக்குச் சிரிப்பு வந்து பிடி நழுவப் பார்த்தது. அளவுக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.

மாடியில் ஓட்டுக் கூரைகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. தைக்கிற துணியைத் தங்கைதான் வாங்கி ஏற்றி இறக்கினாள். துணி வந்தது, சேதி வரவில்லை. அவளுக்குத் தெருச்சேதி சொல்லத் தெரியாது. யார் வீட்டில் என்ன என்று கேட்டால் "நல்லா இருக்காங்க" என்பாள். அக்கா அதைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். சாப்பாட்டில் பாதி தட்டிலேயே மீந்தது. ஒரு நாள் இடது குதிகாலில் அழுத்தினாலும் வெளுக்காத ஒரு சிவப்பு தெரிந்தது. முதல் அறிகுறி அதுதான். கால்களுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகாலைத் தூக்கி நிறுத்தினாள், திருப்பிப் போடும் இடைவெளியைக் குறைத்தாள், முட்டையும் பாலும் கேட்காமலே நீட்டினாள். புண்ணாகவில்லை. சிவப்பு போகவும் இல்லை.

மழை வந்தது. ஆறு பெருகியது. தாழ்நிலத்தில் மறிக்க ஒன்றும் இல்லாததால் தண்ணீர் பரந்து, சாவகாசமாக நடந்து, கருக்கலில் தெருவுக்குள் வந்தது. ஓடு பதித்த தரைகளெல்லாம் சேறு. வடிய ஆரம்பித்ததும் எதிர்க்கரையிலிருந்து கோல்காரர் சேதி கொண்டுவந்தார்: அங்கே வாசலோடு நின்றுவிட்டது, துணி நனையவில்லை, இஸ்திரி மேஜை மேல் இந்த வருஷம் யாரும் ஏறவில்லை. நன்றி என்று யாரும் சொல்லியனுப்பவில்லை. தண்ணீர் வராததற்கு யார் யாருக்கு நன்றி சொல்வார்கள்?

அளவுக்காரி டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். எழுதிக்கொடுத்த உயரத்துக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும், அது வேலை. முன்னறைச் சுவரில் ஈரக்கோடு தெளிவாக இருந்தது. மெத்தை இல்லாத பழைய கட்டில் ஜன்னலோரம் அப்படியே நின்றது. குனிந்து அளந்து எழுதிக்கொண்டு மேலே வந்தாள்.

அக்கா விழித்துத்தான் இருந்தாள். "எதுவரைக்கும் வந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குச் சொல்ல வராது.

"கட்டில் காலுல பாதி."

"மெத்தைக்கு வரல?"

"வரல."

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ வாளி வாளியாகச் சேற்றை வாரித் தெருவில் கொட்டும் சத்தம், கூடவே யாரையோ யாரோ ஏசும் சத்தம். எந்த வீடு என்று மாடியிலிருந்து தெரியவில்லை.

"அப்ப நான் கீழயே இருந்திருக்கலாம்" என்றாள்.

இது நடுத்தரமான வருஷம், பெரிய வருஷம் வந்தால் மெத்தைக்கு மேலே வரும், அதைத்தான் கணக்கில் சொன்னேன் என்று அளவுக்காரி விளக்கலாம். அக்காவுக்கு அது தெரியாததல்ல. தங்கை டேப்பைத் துடைத்து வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். போர்வையை விலக்கி, இடது குதிகாலைக் கையில் ஏந்தி, சிவப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்துப் பார்த்தாள்.

"கீழ யாருடி திட்டிக்கிட்டு இருக்கா?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா."

"போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு. ஒழுங்கா சொல்லு. நல்லா இருக்காங்கன்னு வந்து நிக்காத."

அவள் குதிகாலைத் தலையணையில் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, மறுபடி படியிறங்கினாள்.